டையோடு மங்கியது ஓர் இடம், கெட்டது வேறிடம்

கப்பலூர் சிட்கோவில் சிறிய பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "துணி வெட்டும் மேசைக்கும் கிரானைட் அறுக்கும் மிஷினுக்கும் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் லேசர் மாட்யூல் செய்கிறோம் அக்கா. அதற்கு வெளிச்சம் தரும் 5 மில்லிவாட் லேசர் டையோடு 100 வாங்கினால் 12, 15 வீணாகிறது. சிலது பொருத்தின அன்றே மங்கல். சிலது வாடிக்கையாளரிடம் போய் ஒரு மாதத்தில் மங்குகிறது. விற்றவரைக் கேட்டால் உங்கள் ஆள் கை சரியில்லை என்கிறார். பேசாமல் மூடியில்லாத வெறும் சிப்பாகவே வாங்கி நாமே ஒட்டிவிடலாமா? சிப்பை எப்படிக் கையாள்வது?"

கடைசிக் கேள்விக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

நான் பினாங்கில் ஒரு லேசர் தொழிற்சாலையில் 9 வருடம் சிப் ஒட்டும் லைனில் இருந்தவள். இப்போது திருநகரில் வீட்டோடு இருக்கிறேன். கூப்பிட்டால் ஒன்றிரண்டு பட்டறைகளுக்குப் போய்ப் பார்த்துச் சொல்வேன். எங்கே போனாலும் இதே வழக்குத்தான். டெஸ்ட் பண்ணும் மேசையில் மங்கலாகத் தெரிந்தால் டெஸ்ட் பண்ணினவரைத் திட்டுவார்கள். ஆனால் அது கெட்டது இரண்டு நாள் முன்னால், பெட்டியைப் பிரித்தவர் கையிலோ டையோடின் கம்பிக் காலை வளைத்தவர் கையிலோ இருக்கும். கெட்ட நிமிடத்தில் சத்தம் வராது, புகை வராது, யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால் யார் செய்தது என்று தேடாமல், எந்த விதமாகக் கெட்டது என்று முதலில் பாருங்கள்.

வீணான டையோடு எதையும் குப்பையில் போடாதீர்கள். ஒன்றை எடுத்து எரியவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் விழச் செய்யுங்கள். லேசரை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது, சுவரைத்தான் பார்க்க வேண்டும். நல்ல டையோடு என்றால் சுவரில் விழும் வெளிச்சம் மணல் தூவியதுபோலத் துகள் துகளாக மினுங்கும். தலையை அசைத்தால் துகள்களும் அசையும். செத்த டையோடும் சிவப்பாகத்தான் எரியும், ஆனால் அந்த மினுக்கம் இருக்காது. சாமி படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு எல்.இ.டி. மாதிரி வழுவழுவென்று இருக்கும். லேசராகப் பிறந்தது எல்.இ.டி.யாகிவிட்டது என்று அர்த்தம். உங்கள் பையன்கள் "கொஞ்சம் மங்கல், ஓட்டிவிடலாம்" என்று நினைப்பது இதைத்தான்.

அடுத்து ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள். கரண்டை ஒரு மில்லிஆம்பியர் ஒரு மில்லிஆம்பியராக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று ஒரு போட்டோடையோடால் அளந்து எழுதுங்கள். கரண்டைக் கிடையாக வைத்து அதைக் கோடாக வரைந்தால், 5 மில்லிவாட் சிவப்பு டையோடில் 20 மில்லிஆம்பியரை ஒட்டி ஒரு முழங்கை மடங்கல் தெரியும். அதுவரை சும்மா கனன்றுகொண்டிருந்தது அங்கிருந்து விறுவிறுவென்று ஏறும். சரியான எண் உங்கள் டேட்டாஷீட்டில் இருக்கும். மடங்கலே இல்லையென்றால் உள்ளே கண்ணாடி முகம் உருகிவிட்டது. மடங்கல் இருக்கிறது, ஆனால் வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கிறது என்றால் அடி வாங்கியிருக்கிறது. பெரும்பாலும் நிலைமின்சாரம் அல்லது சூடு. மடங்கல் அதே இடத்தில்தான், வெளிச்சம் மட்டும் குறைவு என்றால் சந்தோஷப்படுங்கள். மூடியின் கண்ணாடி ஜன்னலில் கைரேகையோ சால்டர் ஃப்ளக்ஸோ படிந்திருக்கும், இல்லையென்றால் லென்ஸ் விலகியிருக்கும். டையோடு உயிரோடுதான் இருக்கிறது. ஒரு பட்டறையில் இப்படி ஒதுக்கி வைத்த குவியலில் மூன்றில் ஒன்றைத் துடைத்தே மீட்டோம்.

கண்ணாடி முகம் என்றேனே, அது என்ன என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அந்தச் சின்னத் தகர மூடிக்குள் இருக்கும் சிப் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் நீளம், 0.1 மில்லிமீட்டர் தடிமன். ஒரு கசகசாவில் பாதிகூட இல்லை. லேசருக்குள் ஒளியைத் திருப்பி அனுப்ப எதிரெதிராக இரண்டு கண்ணாடி வேண்டும் அல்லவா? இதில் தனியாகக் கண்ணாடி எதுவும் ஒட்டுவதில்லை. சிப் செய்யும் காலியம் ஆர்செனைடு படிகத்தை உடைத்த இடமே கண்ணாடி. மேலூர்ப் பக்கம் பாறையில் வரிசையாகத் துளை போட்டு ஆப்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்; கல் தன் போக்கில் நேராகப் பிளந்துகொள்ளும். இதுவும் அப்படித்தான். ஓரத்தில் வைரமுனையால் ஒரு கீறல் போட்டு லேசாக அழுத்தினால், படிகம் தன் தளத்திலேயே வெடித்து, அணு மட்டத்தில் வழவழப்பான முகம் கிடைக்கும். வேறு பூச்சு இல்லாமலே விழும் ஒளியில் சுமார் 30 சதவீதத்தை அது திருப்பி அனுப்பும். 1962ல் முதல் செமிகண்டக்டர் லேசரைச் செய்த ராபர்ட் ஹால் இந்த முகங்களைக் கையால் மெருகேற்றித்தான் செய்தார். சின்ன வயதில் டெலஸ்கோப் செய்து பழகிய கை அவருக்கு. உடைத்தாலே போதும் என்பது அப்புறம் வந்த சௌகரியம்.

அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. எந்தக் குணத்தால் அது அழகாகப் பிளக்கிறதோ, அதே குணத்தால் சும்மா தொட்டாலும் பிளக்கும். சிலிக்கான் சிப்பைப் பிடித்துப் பழகிய கை இதைப் பிடித்தால் ஓரம் பெயர்ந்துவிடும்.

அந்த முகத்தில் ஒளி வெளியே வரும் வாசல் சுமார் 1 மைக்ரான் உயரம், 3 மைக்ரான் அகலம். வெறும் 5 மில்லிவாட்தானே என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அத்தனை சின்ன வாசல் வழியாக அது வெளியேறும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை லட்சம் வாட்டுக்கு மேல் ஆகிறது. மதுரை சித்திரை வெயில் உச்சியில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட்தான். அதைப்போல 15 லட்சம் மடங்கை அந்த முகம் சாதாரணமாகவே தாங்கிக்கொண்டிருக்கிறது. இதில் கரண்ட் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் எகிறினாலும் போச்சு. முகம் கொஞ்சம் சூடாகும்; சூடானால் தன் ஒளியைத் தானே விழுங்கும்; விழுங்கினால் இன்னும் சூடாகும். கண்ணிமைப்பதற்கு எத்தனையோ முன்பே உருகிவிடும்.

இனி உங்கள் பட்டறைக்கு வருவோம். முதல் சந்தேகம் நிலைமின்சாரம். மனித உடம்பை 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டராகவும், 1500 ஓம் தடையாகவும் வைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் பையன் உடம்பில் 1000 வோல்ட் ஏறியிருந்தால், டையோடு காலைத் தொட்ட கணத்தில் பாயும் கரண்ட் 0.67 ஆம்பியர். டையோடு தாங்குவது 40 மில்லிஆம்பியர் அளவு. நமக்குக் கையில் சுரீர் என்று தெரிய ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும், அப்போது பாய்வது 2 ஆம்பியர். ஆக, "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கலையே" என்று சொல்வதில் பொருளே இல்லை. இந்தத் தகர மூடியே பெரும்பாலும் ஒரு காலோடு சேர்ந்திருக்கும். காலைத் தொடாமல் மூடியைத் தொட்டாலும் கதை அதேதான்.

பினாங்கில் ஒரு முறை ராத்திரி ஷிஃப்டில் மட்டும் ஃபெயில் ஏறியது. ஆளை மாற்றினார்கள், மணிக்கட்டில் கட்டும் எர்த் ஸ்ட்ராப்பை மாற்றினார்கள், தரையை அளந்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு சூப்பர்வைசர் அக்கா முழு ராத்திரியும் சும்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ராத்திரி 2 மணிக்குப் பக்கத்து மேசையில் ஒரு பெண் அட்டைப் பெட்டிகளை மூட ஆரம்பித்தாள். பர்ர்ர் என்று செல்லோடேப் இழுக்கும் சத்தம். நிலைமின்சாரம் அளக்கும் கருவியை நீட்டினால் முள் ஓரத்தில் போய் முட்டியது. பகல் ஷிஃப்டில் பேக்கிங் வேறு அறையில் நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதிலிருந்து, எந்தப் பட்டறைக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது டேப் ரோலைத்தான்.

உங்கள் மேசையிலிருந்து போக வேண்டியவை: செல்லோடேப், தெர்மாகோல் பெட்டி, கேரி பேக், டீ வாங்கிவந்த பிளாஸ்டிக் கப். டையோடு வந்த கறுப்பு ஃபோமிலேயே கால்கள் குத்தியபடி இருக்கட்டும். கால்கள் ஒன்றோடொன்று மின்சாரப்படி சேர்ந்திருக்கத்தான் அந்த ஃபோம். அதைப் பிடுங்கி எண்ணிப் பார்த்து ஒரு தட்டில் கொட்டி வைப்பதை இரண்டு பட்டறையில் பார்த்துவிட்டேன். பாலியஸ்டர் சட்டை, நைலான் புடவை வேண்டாம். பருத்திச் சுங்குடிச் சேலை கட்டி வரும் பெண்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு மதிப்பெண் கூடுதல். ஃபேன் காற்று நேராக மேசைமேல் அடிக்கக் கூடாது. வெக்கையில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் ஃபேனைத் திருப்பியாவது வையுங்கள். வறண்ட காற்றில் மின்சாரம் உடம்பைவிட்டு இறங்காது. ஈரப்பதம் 40க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவே இருந்தால் நல்லது. ஏ.சி. போட்டாலும் காற்று வறளும் என்பதை மறக்காதீர்கள்.

ரிஸ்ட் ஸ்ட்ராப் இருக்கிறது என்பீர்கள். சட்டைக் கைமேல் கட்டியிருந்தால் அது வெறும் காப்பு. தோலில் படவேண்டும். அதில் 1 மெகாஓம் தடை ஒன்று இருக்கும், 230 வோல்ட் தவறி ஏறினாலும் உங்கள் ஆள் உயிர் போகாமல் இருக்க. அதைக் கழற்றிவிட்டு வெறும் வயரைக் கட்டிக்கொள்ளும் புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

ஸ்ட்ராப் போய்ச் சேரும் எர்த் உண்மையில் எர்த்தா? இதுதான் நம் ஊரில் பெரிய ஓட்டை. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடக்கும். எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள், குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். சால்டரிங் அயர்ன் இரண்டு பின் பிளக் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். அதன் முனையில் கசியும் மின்சாரம் டையோடு வழியாகத்தான் எர்த்துக்குப் போகும். மூன்று பின் இருந்தாலும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு முனைக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். சில ஓம்களுக்குள் இருக்க வேண்டும்.

நிலைமின்சாரத்தின் மேல் பழி போட்டு, பவர் சப்ளையை எல்லோரும் விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் சிறு பட்டறைகளில் அதிகம் கொல்வது இதுதான். பெஞ்ச் சப்ளையில் கரண்ட் லிமிட் 30 மில்லிஆம்பியர் வைத்திருக்கிறோம், பயமில்லை என்று நினைத்து, ஆன் செய்த சப்ளையின் வயரை டையோடு காலில் தொடுவார்கள். சப்ளைக்குள் வெளிவாசலில் ஒரு கெப்பாசிட்டர் 5 வோல்ட்டில் நிரம்பி நிற்கிறது. தொட்டவுடன் லிமிட் விழித்துக்கொள்வதற்குள் அது மொத்தமும் டையோடுக்குள் கொட்டிவிடும். எப்போதும் முதலில் இணைப்பு, அப்புறம் ஆன், பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றம். இறக்கி, ஆஃப் செய்த பிறகுதான் கழற்றல். லூசான முதலைக் கிளிப் வேண்டாம். மல்டிமீட்டரில் "பீப்" வருகிறதா என்று டையோடைச் சோதிக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். தலைகீழாகப் பல டையோடுகள் 2 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, உங்கள் மீட்டர் எந்தப் பக்கம் எவ்வளவு கொடுக்கும் என்று பையனுக்குத் தெரியாது.

கால் வளைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் கால் நுழையும் இடத்தில் கண்ணாடிச் சீல் இருக்கிறது, அங்கேயே மடக்கினால் விரியும், உள்ளே அடைத்த வறண்ட வாயு போய் ஈரம் ஏறும். காலின் அடியைக் குறடால் பிடித்துக்கொண்டு, தள்ளி மடக்குங்கள். சால்டர் 2 மில்லிமீட்டராவது தள்ளி, 3 நொடிக்குள். தொட்டவுடன் பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிட்டு ஆறவிட்டு மறுபடி. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவவே வேண்டாம், உள்ளே 25 மைக்ரான் தங்கக் கம்பி நடுங்கி அறும்.

இப்போது சிப்பாகவே வாங்குவது பற்றி.

மூடி இருக்கும்வரை உங்கள் பட்டறைத் தூசு கண்ணாடி ஜன்னலோடு நின்றுவிடும், துடைத்தால் போகும். வெறும் சிப் என்றால் அந்த 3 மைக்ரான் வாசலே திறந்து கிடக்கிறது. அதைத் துடைக்க முடியாது. துணி, பஞ்சு, வாயால் ஊதுவது எதுவும் கூடாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை மொட்டை இதழில் கை படாமல் காம்பைப் பிடித்து எடுப்பார்களே, அதுபோலச் சிப்புக்கும் தொடலாம் என்ற பக்கம் உண்டு: மேல்புறத்தை வாக்குவம் முனையால் உறிஞ்சி எடுக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் இரண்டு பக்கவாட்டை மெல்லப் பிடிக்கலாம். ஒளி வரும் முன்முகத்தையும் பின்முகத்தையும் எதுவும் தொடக் கூடாது. தெற்கு ஆவணி மூல வீதியில் கல் பதிக்கும் ஆசாரி சாமணத்தால் சிட்டிகையளவு வைரத்தை அலட்சியமாக எடுத்து வைப்பார். அந்தக் கை இதற்கும் உதவும் என்று ஒருவர் சொன்னார். நிதானம் உதவும், பிடி உதவாது. வைரம் தாங்கும், காலியம் ஆர்செனைடு உதிரும். உதிர்ந்ததில் ஆர்செனிக் இருக்கிறது, பெருக்கித் தள்ளும் சரக்கும் அல்ல.

தூசு என்றால் மண் மட்டும் என்று நினைக்காதீர்கள். நெற்றியில் திருநீறு பூசிய ஆள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் அது கீழே உதிரும். முகத்துக்குப் போட்ட பவுடரும் அப்படியே. ஆயுத பூஜை அன்று மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அறை முழுக்கச் சாம்பிராணி காட்டுவோம். அந்தப் புகை பிசின். திறந்த சிப்பின் முகத்தில் படிந்து, எரியும்போது கருகி ஒட்டும். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. முந்தின நாளே எல்லாவற்றையும் சீல் போட்டு வேறு அறையில் வையுங்கள். சிலிக்கோன் பசை, மலிவான எப்பாக்ஸி, ஃப்ளக்ஸ் ஆவி இவையும் இதே வேலையைச் செய்யும். 1990களில் கடலடி ஃபைபருக்கான 980 நானோமீட்டர் லேசர்களிலேயே, பெட்டிக்குள் அடைபட்ட ஆவி முகத்தில் கருகிப் படிந்து பெரிய பெரிய கம்பெனிகளைத் திணறடித்தது. மூடியவர்கள் கிளீன் ரூமில் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஒட்டுவது அடுத்த தலைவலி. சூடு சீக்கிரம் இறங்க வேண்டுமென்று சிப்பைப் பெரும்பாலும் குப்புறப் போட்டு ஒட்டுவார்கள். ஒளி உண்டாகும் அடுக்கு அப்போது சால்டரிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரான் தூரத்தில் இருக்கும். சால்டர் கொஞ்சம் பிதுங்கி ஏறினால் ஷார்ட். சிப் முகம் ஒட்டும் மேடையின் விளிம்பைத் தாண்டி நீட்டினால் அந்த நுனி ஆறாமல் வேகும். உள்ளே தள்ளி இருந்தால் ஒளி மேடையில் இடிக்கும். சில மைக்ரானுக்குள் நிறுத்த வேண்டும். தங்கம்-வெள்ளீயச் சால்டர் 280 டிகிரியில் உருகும், ஃப்ளக்ஸ் போடக் கூடாது. அங்கிருந்து ஆறும்போது செம்பு அதிகம் சுருங்கும், சிப் குறைவாகச் சுருங்கும். 1 மில்லிமீட்டர் நீளமுள்ள பெரிய சிப்பை நேராகச் செம்பில் ஒட்டினால் 2, 3 மைக்ரான் வித்தியாசம் வரும். சின்ன எண்தான், சிப்பில் விரிசல் விழப் போதும். அதனால்தான் நடுவில் செம்பைவிடக் குறைவாகச் சுருங்கும் அலுமினியம் நைட்ரைடு போன்ற மேடை வைக்கிறார்கள். இத்தனைக்கும் மிஷின், நைட்ரஜன், பழகிய கை எல்லாம் வேண்டும். மாதத்துக்குச் சில நூறு மாட்யூல் செய்யும் கப்பலூர்ப் பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது. மூடி போட்டதையே வாங்குங்கள்.

மீதி இருப்பது ஒரு மாதம் கழித்து மங்குபவை. பாதி அடி வாங்கிய டையோடு கொஞ்ச நாள் ஓடிவிட்டுச் சாவதும் உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு வாடிக்கையாளர்களில் எனக்குச் சந்தேகம் கிரானைட்காரர்மேல். பெரிய மோட்டார் ஆனாகி ஆஃப் ஆகும் ஒவ்வொரு தடவையும் அதே லைனில் வோல்டேஜ் துள்ளும். டையோடுக்குக் கரண்ட் கொடுக்கும் உங்கள் டிரைவர் போர்டில் அதை விழுங்க டி.வி.எஸ். டையோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சூடு. மலிவுச் சிவப்பு டையோடு பலவற்றுக்கு 40 டிகிரிதான் எல்லை என்று டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கும். சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெறும் காற்றே அதைத் தொடும். சூடேறினால் வெளிச்சம் குறையும், குறைந்தால் உங்கள் போர்டு ஈடுகட்டக் கரண்டைக் கூட்டும், கூட்டினால் மேலும் சூடேறும். பித்தளை உறைக்கும் டையோடுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் அமர்ந்திருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் இருக்கிறதா என்று ஒரு மாட்யூலைப் பிரித்துப் பாருங்கள். துணி மேசைக்காரரிடம் போனவை நன்றாக ஓடி, கல் மிஷினில் போனவை மட்டும் திரும்பி வருகிறது என்றால் உங்கள் பையன்களைத் திட்டியதற்கு அவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

நோட்டில் அந்த அளவுகளை எழுதி முடித்ததும் திருநகர்ப் பக்கம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். கிரானைட்காரரிடமிருந்து திரும்பிய மாட்யூல் இருந்தால் டையோடைக் கழற்றாமல் போர்டோடு அப்படியே கொண்டுவாருங்கள். கழற்றும்போது அந்த இரண்டு பின் அயர்னை மறுபடி வைத்தால், அப்புறம் எது கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது.